ஏரி, சைக்கிள், ஓட்டம், ஒரு டம்ளர்

பந்தயம் பார்ப்பது உட்கார்ந்தபடி செய்கிற காரியம் என்று நினைக்கிறவர்கள், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனி சங்கம் அந்தப் பொங்கலுக்கு நடத்திய பந்தயத்தைப் பார்க்காதவர்கள். அதில் கலந்துகொண்ட பதினொரு பேரும் மத்தியானத்துக்குள் ஓடி முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன எனக்கு மூன்று நாள் கால்வலி.

அறுபதுகளின் கடைசி அது. எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு வந்த மூன்றாவது பொங்கல் என்பது மட்டும் நிச்சயம். அந்தக் காலத்தில் நான் வருஷங்களை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு டி.பி. வந்தபோது வயது முப்பத்திரண்டு. தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனே டி.பி. ஆஸ்பத்திரி இருக்கிற சானடோரியம் என்பதால் தூரத்துக்கு அலைச்சல் இல்லை என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். பதினான்கு மாதம் அங்கே இருந்தார். நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மணி அடித்ததும் ரயில் ஏறி, அங்கே இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வருவேன். பதினான்கு மாதமும் எனக்கு அதுதான் வேலை. பிறகு ஒரு நாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "முழுசா ஆறிடுச்சும்மா. இனிமே தனிப் பாத்திரம், தனிப் படுக்கை எதுவும் வேண்டாம். எல்லாரையும் மாதிரி இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. காலனிக்குக் கேட்கவில்லை. ஆபீஸில் அவர் மேஜை ஜன்னலோரமாகப் போயிற்று. காற்றாட இருக்கட்டும் என்றார்களாம். பீச் வரை போகும் ரயிலில் கூடவே சீட்டாடிக்கொண்டு போகிற நாலு பேர், இவரைக் கண்டதும் அடுத்த பெட்டியில் ஏற ஆரம்பித்தார்கள். தினமும் ரயில் சானடோரியத்தில் ஒரு நிமிஷம் நிற்கும். அந்த ஒரு நிமிஷமும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை, காலனி சங்கத்துக்குச் செயலாளர். தங்கமான மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. பொங்கல், சுண்டல், கொழுக்கட்டை என்று எது செய்தாலும் எங்களுக்கு ஒரு பங்கு வரும். ஆனால் எல்லாம் வாழை இலையில் மடித்துத்தான் வரும். பாத்திரத்தில் கொடுத்தால் பாத்திரம் திரும்பி வர வேண்டும் அல்லவா? நான் அதைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தால், அதை அவள் தன் சமையலறைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். இலையில் அந்தத் தொல்லை கிடையாது. அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்பார். இவர் பதில் சொல்ல எழுந்து வருவதற்குள் அவர் நாலு வீடு தாண்டிப் போயிருப்பார்.

ஊரைச் சொல்கிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். அதில் ஓர் எவர்சில்வர் டம்ளரை மட்டும், அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே தனியாக எடுத்து, அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தேன். கணக்கு டீச்சர் கைக்கு வேறென்ன வரும்! அது மற்ற பாத்திரங்களோடு சேராது. அலமாரியில் மேல் தட்டில், மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் அதற்குத் தனி இடம். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அது அங்கேயே இருந்தது. நானும் படுத்துவிட்டால் அந்த வீட்டைப் பார்க்க நாதி இல்லை என்று முதலில் பயம். அப்புறம் பயம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை. காபி அந்த டம்ளரில் வரும், குடிப்பார், தானே கழுவி அதே இடத்தில் வைப்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஐப்பசியில் ஒரு நாள் சங்கத்து நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காணும் பொங்கலன்று 'மும்முனைப் போட்டி' என்று தலைப்பு. எலெக்ஷன் ஜுரம் இன்னும் ஆறாத நாட்கள். எந்தக் கட்சிக்காரன் நிற்கிறான் என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஏரியின் ஒரு மூலையிலிருந்து எதிர்க்கரைக்கு நீந்த வேண்டும். அங்கிருந்து சைக்கிளில் திருநீர்மலை அடிவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு மார்க்கெட்டிலிருந்து ரயில்வே லைனைத் தாண்டி, கிழக்குத் தாம்பரத்து மைதானம் வரை ஓடி, அதை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். இளைஞர்களுக்கு உடற்பயிற்சியில் ஊக்கம் உண்டாக்க, என்று கீழே போட்டிருந்தது.

"இளைஞர்களுக்குன்னுதானே போட்டிருக்கு?" என்றேன்.

"முப்பத்தாறு என்ன கிழமா?"

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

அவர் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை. எல்லார் கண்ணு முன்னாலயும் முழுசா முடிச்சுக் காட்டிட்டேன்னா போதும். முதல்ல வரணும்னு எல்லாம் இல்ல. முடிச்சாப் போதும். அதுக்கப்புறம் என்னை ஒருத்தன் நோயாளின்னு சொல்ல முடியாது."

பெயர் கொடுக்கப் போனபோது செயலாளர் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு இருந்தா பெட்டர்" என்றாராம். மற்றப் பத்துப் பேரில் ஒருவரிடமும் அவர் எந்தச் சர்டிபிகேட்டும் கேட்கவில்லை. இவர் மறுநாளே அரை நாள் லீவு போட்டுப் போய் வாங்கி வந்து கொடுத்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் ஏரி நாற்றம். விடிவதற்கு முன் எழுந்து போவார். மழை பெய்து ஏரி நிரம்பிக் கிடந்தது. சின்ன வயதில் கிணற்றில் குதித்துப் பழகியவர், அதனால் நீச்சல் மறக்கவில்லை. நான் அடுப்பு மூட்டிவிட்டு, காபிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஆறினதும் மறுபடி கொதிக்க வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பாசி ஒட்டின டிராயரோடு வந்து நின்று, "இன்னிக்கு நடுவுல நிக்கவே இல்ல" என்பார். நல்லது என்பேன். அதைத் துவைத்துக் காயப்போட்டு, அவருக்கும் எனக்கும் சோறு கட்டி, ரயிலைப் பிடித்து, ஐம்பது பிள்ளைகளுக்கு வட்டி வீதம் சொல்லிக் கொடுக்கப் போவேன். அவர் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு அசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஒருவரை இத்தனை வருஷம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அன்பு எது, களைப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடுகிறது.

காணும் பொங்கலன்று காலை நாலரைக்கு எழுந்தேன். உலகமே பீச்சுக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் போகிற நாள். நான் துணிப் பையை எடுத்து, துண்டு, மாற்றுச் சட்டை, வேட்டி, பிளாஸ்கில் ஹார்லிக்ஸ், நாலு மலை வாழைப்பழம், சைக்கிள் சங்கிலி துடைக்கப் பழந்துணி, அவர் டம்ளர் எல்லாவற்றையும் அடுக்கினேன். அந்தப் பை அன்று முழுக்க என் தோளை அறுத்தது.

ஏரிக்கரையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பெண்பிள்ளை என்று பார்த்தால் நானும் எதிர் வீட்டு அக்காவும்தான். செயலாளர் பெண்டாட்டி ஆயிற்றே, வராமல் இருக்க முடியுமா? நாங்கள் ஒரு பனைமரத்தடியில், போட்டியாளர்கள் சட்டையைக் கழற்றும் பக்கம் பாராமல், வேறு பக்கம் திரும்பி நின்றோம். லாரி டியூபில் காற்றடைத்து, அதன் மேல் இரண்டு ஆட்கள் ஏரி நடுவே மிதந்துகொண்டிருந்தார்கள். யாராவது முழுகினால் தூக்குவதற்காம். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது என்று அக்கா சொன்னாள்.

விசில் ஊதினார்கள். பதினொரு பேரும் தொபுதொபுவென்று விழுந்தார்கள். தண்ணீரில் எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நான் வழக்கம்போல மூச்சை எண்ண ஆரம்பித்தேன். பாதி தூரத்தில் ஒரு தலை நின்றது. என் கை அக்காவின் கையைப் பிடித்துவிட்டது. அது இவர் இல்லை, வேறொருவர். ஆகாயத்தாமரைக் கொடி காலில் சுற்றிக்கொண்டதாம். இவர் நாலாவது ஆளாக எதிர்க்கரை ஏறினார்.

"பரவாயில்லையேடி, நல்லா நீந்தறாரே!" என்றாள் அக்கா. அவள் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பிறகு மெதுவாகத் தன் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வேர்வையைத்தான் துடைத்தாளோ என்னவோ.

சைக்கிள்கள் போன பிறகு நாங்கள் மார்க்கெட்டுக்கு வர வேண்டும். இரண்டு மைல் நடை. பாதி வழியில் ஒரு ரிக்‌ஷாக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, இம்மாஞ் ஜனம் போவுது? இன்னா விசேஷம்?" என்றார். பந்தயம் என்றோம். "ரேஸா? கிண்டியிலதானே ரேஸு. குதிர எங்க கீது?" என்று கேட்டார். மனுஷர்கள்தான் ஓடுகிறார்கள், குதிரை இல்லை, பணமும் கட்ட முடியாது என்று அக்கா விளக்கினாள். "அப்ப எதுக்கும்மா ஓடிகினு கீறானுங்கோ, பேஜாரு புடிச்சவனுங்க!" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுதும் நான் கேட்டதில் அறிவோடு சொல்லப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான்.

மார்க்கெட்டில் மூடின கடை ஒன்றின் வாசல்படியில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிவிட்டது. தை மாதம் என்று பெயர்தான். முதலில் வந்தவர்கள் சைக்கிளைத் தடாலென்று போட்டுவிட்டு ஓடினார்கள். திருநீர்மலை அடிவாரத்தில் ஓர் ஆள் ரப்பர் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன அத்தாட்சிக்கு அவர் குத்திய ஊதா முத்திரை அத்தனை பேர் முன்கையிலும் இருந்தது. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு என்று வந்துகொண்டே இருந்தார்கள். இவரைக் காணோம். அக்கா ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், என் காதில் விழவில்லை. வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளேயிருந்து இருமல் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேனே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சுக்கும் இந்தப் படிக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்து பார்ப்பது என்று எரிச்சலாக இருந்தது. வழியில் மூச்சடைத்து விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் இருந்தன.

பத்தாவது ஆளாக வந்தார். கை முழுக்கக் கறுப்பு கிரீஸ், நெற்றியிலும் ஒரு கோடு. "செயின் கழண்டுடுச்சு, ரெண்டு தடவை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். முகம் வெளுத்திருந்தது. போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரும்பிவிட்டார்.

ஒரு கையில் பை, ஒரு கையில் சைக்கிள். நானும் பின்னால் வேகமாக நடந்தேன். ரயில்வே கேட் அருகே போனால் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. கேட் மூடியிருந்தது.

சங்கத்துக் கமிட்டியில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். செயலாளர் டைம்டேபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு, காணும் பொங்கலுக்கு ஓடும் ஸ்பெஷல் உட்பட அத்தனை பாசஞ்சர் வண்டியையும் கணக்குப் பண்ணி, கேட் மூடாத நேரமாகப் பார்த்துத்தான் ஓட்டத்தை வைத்திருந்தார். கூட்ஸ் வண்டி டைம்டேபிளில் கிடையாது. அவருக்கே அது மறந்துவிட்டது. ரயில்வேக்காரனுக்குத்தான் இப்படி மறக்கும். எங்களைப் போன்றவர்களாக இருந்தால், கேட் எப்போதும் மூடித்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவு பண்ணியிருப்போம்.

கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்த ஒருவர் மட்டும் கேட் விழுவதற்கு முன் தாண்டிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் கேட்டின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். ரொம்பப் பின்னால் வந்த என் வீட்டுக்காரர் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

"சார், வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் வண்டியை விட்டிருக்காங்க!" என்று ஒருவர் சிரித்தார். சின்ன வயசு, தந்தி ஆபீஸில் வேலை. சொல்லிக்கொண்டே அவர் இவர் தோளில் கையைப் போட்டார். இன்னொருவர் முதுகைத் தட்டி, "மெதுவா, மெதுவா. மூக்கால இழுங்க" என்றார். எல்லோரும் வேர்வையில் நனைந்து, ஒட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். இவர் நிமிர்ந்து அவர்களோடு சிரித்தார். அப்படி அவர் நாலு பேருக்கு நடுவில் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகன்களை எண்ணினேன். நாற்பத்திரண்டு.

கேட் தூக்கியதும் எல்லோரும் ஒரே கும்பலாக ஓடினார்கள். நானும் அக்காவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி, மைதானத்துக்குள் நுழைந்தபோது இவர் கடைசிச் சுற்றில் இருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து ஓடினார். ஆனால் ஓடினார். நிற்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது ஏழாவது. ஜனங்கள் கை தட்டினார்கள். முதலாவது வந்தவருக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் கூடத் தட்டியதாக எனக்குத் தோன்றியது. இவர் யார், எங்கிருந்து எழுந்து வந்தவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அண்டாவில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். நாலைந்து டம்ளர்கள்தான். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக் குடித்தார்கள். மூச்சு வாங்கும்போது அண்ணாந்து குடிக்க யாரால் முடியும்? எல்லோரும் வாய் வைத்துத்தான் குடித்தார்கள். அதையே மறுபடி அண்டாவில் முக்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். செயலாளரே முன்னால் நின்று கொடுத்துக்கொண்டிருந்தார். தந்தி ஆபீஸ்காரர் குடித்து முடித்த டம்ளரை வாங்கி, முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட, "பிரமாதம் சார்! பிரமாதம்! இந்தாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று பேசிய மனுஷன், கை எட்டும் தூரத்தில் நின்று நீட்டினார். இவர் கையும் நீண்டது.

"இருங்க, இருங்க!" என்று கத்திக்கொண்டு ஒரு பொம்பளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "அவர் டம்ளர் எங்கிட்ட இருக்கு!"

அது நான்தான். சைக்கிளை அக்காவிடம் சாய்த்துவிட்டு, பைக்குள் கையை விட்டு, பெருக்கல் குறி போட்ட டம்ளரை எடுத்து, அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். யோசிக்கவே இல்லை. பால் பொங்கினால் கை தானாக ஓடுமே, அது மாதிரி ஓடிவிட்டது.

செயலாளர் நீட்டின கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அதுவரை எல்லோரும் மறந்திருந்ததை நான்தான் ஞாபகப்படுத்தினேன். தந்தி ஆபீஸ்காரர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னை மட்டும் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'நீயா?' என்பது போலப் பார்த்தார்.

பிறகு என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். செயலாளர் தன் டம்ளரிலிருந்து அதில் உயரத் தூக்கி ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் இவர் வாய் வைக்காமல், அண்ணாந்து குடிக்கப் பார்த்தார். இரைக்க இரைக்க எப்படி முடியும்? பாதி மார்பில் கொட்டியது, மீதி புரை ஏறியது. இருமினார். வெறும் புரைதான். யாருக்கு வந்தாலும் அப்படித்தான் இருமுவார்கள். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

பரிசளிப்பு வரை இருக்கவில்லை. முடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு அட்டைச் சான்றிதழ் உண்டு, அதை அக்கா கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பையோடு பக்கத்தில் நடந்தேன். கேட் திறந்தே இருந்தது. மார்க்கெட் வந்ததும் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் வேணும்னு செய்யலீங்க" என்றேன்.

"தெரியும்."

"கை தானா போயிடுச்சு."

"தெரியும்னு சொல்றேனே." கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊருக்குக் காட்டணும்னுதான் வெளில சொல்லிட்டிருந்தேன். ஊரு என்ன பெரிய ஊரு. தினம் காலைல அந்த டம்ளர்ல காபி வருது பாரு, அது ஒரு நாளைக்கு மாறாதான்னுதான் நீந்தினேன்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அந்த டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேனே என்று நினைத்தேன். எறிந்திருப்பேனா என்றும் நினைத்தேன். அவர் கேட்காததும் நான் கொடுக்காததும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் இரண்டரை வருஷம் இருந்திருக்கின்றன.

மறுநாள் காலை என் பெயர் வெட்டின டம்ளரில், நான் குடிக்கிற டம்ளரில், காபியை ஆற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். எழுந்து அலமாரிக்குப் போய், மேல் தட்டிலிருந்து தன் டம்ளரை எடுத்து வந்து, காபியை அதில் மாற்றிக்கொண்டார். என் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து குடித்தார்.

"எனக்கு இது பழகிப்போச்சு" என்றார். "விடு."

அடுத்த வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு அக்கா சான்றிதழையும் பாயசத்தையும் கொண்டுவந்தாள். பாயசம் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் இருந்தது. அவளே சமையலறை வரை வந்து மேடைமேல் வைத்தாள். "அன்னிக்கு நீ அப்படி ஓடி வந்தப்ப எனக்கு என் மேலயே வெக்கமாப் போச்சுடி. உன்னைப் பார்த்துத்தான் நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். நான் தூக்கைக் கழுவி, சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வாழை இலையில் எதுவும் வரவில்லை. சீட்டாட்டக்காரர்கள் நாலு பேரும் எங்கள் பெட்டிக்கே திரும்பி வந்தார்கள். தந்தி ஆபீஸ்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, என் பெயர் போட்ட டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போவார்.

என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை அந்த டம்ளரை விடவில்லை. எத்தனையோ தடவை ஒளித்து வைத்துப் பார்த்தேன், ஒரு முறை பழைய பாத்திரக்காரனிடம் போடவும் முயன்றேன். தேடி எடுத்து, கழுவி, அதில்தான் குடிப்பார்.